வடசென்னைக் கலைக் கல்லூரிக்கு உதவ நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் பொருளாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் என்று எங்கே பார்த்தாலும் நண்பர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். எங்கள் கல்லூரியை மனதில் வைத்து எழுதியதுதான். ஆனால் பெரும்பாலானவை இந்தப் பக்கத்து எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தும்.

அரசாங்கம்தான் சம்பளம் தருதே, ஸ்காலர்ஷிப் தருதே. அப்புறம் நம்ம பணம் எதுக்கு?

வடசென்னையில் மூன்று வகைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றை அரசே நடத்துகிறது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி போன்றவை அரசு உதவி பெறுபவை. மூன்றாவது, முழுக்கச் சுயநிதி. அரசு உதவி பெறும் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குத்தான் அரசு சம்பளம் வரும். அதே கட்டடத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவுக்கு மாணவர் கட்டும் கட்டணம்தான் வருமானம். குழாய் பழுது, நூலகப் புத்தகம், ஆய்வகக் கண்ணாடிச் சாமான் எல்லாம் இழுபறியில்தான் நடக்கும்.

மாணவர் கைக்கும் அரசுப் பணம் வருகிறது, மறுக்கவில்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியதே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆனால் இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் அப்பா, பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும் என்று வட்டிக்கு வாங்கித் தெருமுனை மெட்ரிக் பள்ளியில் சேர்த்திருப்பார். அந்தப் பிள்ளைக்கு இந்த 1,000 ரூபாய் கிடையாது. வீட்டு நிலைமை என்னவோ அடுத்த வீட்டுப் பிள்ளையின் நிலைமைதான். நாம் கை கொடுக்க வேண்டிய இடங்களில் இது முக்கியமானது.

இஞ்சினியரிங் காலேஜுக்குக் கொடுத்தா நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும். வரலாறு, தமிழ் படிக்கிறவங்களுக்கு ஏன் கொடுக்கணும்?

இந்தப் பேட்டைகளில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள், டிஎன்பிஎஸ்சி எழுதித் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்தவர்கள், வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவர்கள், வக்கீலானவர்கள் பலரும் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்து வந்தவர்கள்தான். ஒரு வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்திலேயே, கையைக் கடிக்காத கட்டணத்தில் கிடைப்பது கலைக் கல்லூரிதான். அதிலும் பெண் பிள்ளை என்றால், நடந்து போகும் தூரமா என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள்.

வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-லிருந்து நிற்கிறது. அதைத் தினம் கடந்து போகிற பையன் அதன் வரலாற்றைப் படிக்கவும் எழுதவும் இந்தப் பக்கத்திலேயே ஒரு துறை இருக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

கொடுக்கிற பணம் நிஜமாவே பசங்களுக்குத்தான் போகுதா? எதுக்குப் போகுது?

எங்கள் சங்கத்தில் முதல் செலவு தேர்வுக் கட்டணம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. செமஸ்டர் தேர்வு எழுதக் கட்டணம் கட்ட வேண்டும். எத்தனை பாடம், எத்தனை அரியர் என்பதைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை போகும். கெடு தேதி தாண்டினால் அபராதம். அதுவும் தாண்டினால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லாத பிள்ளை அடுத்த செமஸ்டரில் எல்லாப் பாடத்தையும் அரியராகச் சுமக்கும். அப்படியே வராமல் நின்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு முறை கெடுவின் கடைசி நாள், அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் கர்ச்சீப் முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள். எல்லாம் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டு. மீன் வாடை. எழுத்தர் அம்மா இரண்டு முறை எண்ணிவிட்டு, "இன்னும் நூத்தி நாப்பது வேணும் கண்ணு" என்றார். "அம்மா ஏலம் முடிஞ்சு வரணும் மேடம், சாயந்திரம் தரேன்" என்றாள் அவள். கவுன்ட்டர் மூன்று மணிக்கு மூடிவிடும். அந்த 140 ரூபாயை அன்றைக்கு யார் போட்டார்கள் என்பது முக்கியமில்லை. அந்த மூன்று மணிக்குள் கையில் இருக்கிற பணம்தான் எங்கள் சங்கத்துக்கு வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

தேர்வுக் கட்டணம் போக பஸ், மதியச் சாப்பாடு, கண்ணாடி, செருப்பு வரை கேட்டு வருவார்கள். துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும், சங்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பெயரை வெளியில் சொல்வதில்லை.

வருஷத்துல எப்போ கொடுத்தா நல்லது?

இதை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. காசிமேட்டை நம்பியிருக்கும் வீடுகளில் படகில் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், தெருவில் விற்பவர் எல்லோருக்கும் வருமானம் சுருங்கிவிடும். சரியாக அதே மாதங்களில்தான் கல்லூரியில் புதுச் சேர்க்கையும் அடுத்த ஆண்டுக் கட்டணமும் வருகின்றன. அதனால் மே, ஜூன் மாதப் பணம் எங்களுக்கு மிக அவசரமானது.

அடுத்தது நவம்பர் தேர்வுக்கான கட்டணம். தீபாவளி சீசனில் எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நின்று சம்பாதிக்கலாம் என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். கடைக்காரர் கணக்கை முடிப்பது பண்டிகைக்கு அப்புறம், கட்டணக் கெடுவோ அதற்கு முன்னாடியே வந்துவிடும். நன்கொடைகள் பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசியில், வரிக் கணக்குக்காக வருகின்றன. அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம், ஜூனுக்கு எடுத்து வைக்கிறோம்.

நான் 94-ல முடிச்சேன். மாசம் 500 ரூபாதான் முடியும். அதை வாங்கிப்பீங்களா, கூச்சமா இருக்கு.

வாங்கிக்கொள்வோம். மாதா மாதம் தவறாமல் வரும் 500 என்றால், வருடத்துக்கு 6,000 வரும் என்று முன்கூட்டியே தெரியும். அதை நம்பி ஒரு பிள்ளைக்கு "அடுத்த செமஸ்டருக்கும் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுக்க முடியும். எப்போதாவது வரும் பெரிய தொகையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மாதா மாதம் தானாகவே பணம் போகும்படி வங்கியில் நிலை உத்தரவு கொடுத்துவிடுங்கள், ஞாபகம் வைத்திருக்க வேண்டிய வேலை உங்களுக்கும் மிச்சம்.

காலேஜ் கணக்குல போடணுமா, சங்கத்துக்கா, இல்ல டிபார்ட்மெண்ட் சார்கிட்டயா?

தனி ஆளின் கணக்கில் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல ஆள் இருக்காது. கட்டடம், ஆய்வகம், நூலகம் போல நிலையாக நிற்கும் பொருள் என்றால் கல்லூரி நிர்வாக அறக்கட்டளைக்குக் கொடுங்கள். மாணவருக்கு உடனே போக வேண்டியது என்றால் சங்கத்துக்கு. துறைக்குத்தான் தர வேண்டும் என்றாலும் இந்த இரண்டில் ஒரு கணக்கில் போட்டு, "இன்ன துறைக்கு, இன்ன காரியத்துக்கு" என்று கடிதம் வைத்துவிடுங்கள்.

எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல 180 பேர் இருக்கோம். அது போதாதா? சங்கத்தைப் பதிவு பண்ணியே ஆகணுமா?

ஆள் திரட்ட வாட்ஸ்அப் போதும். பணம் கையாளப் போதாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, வருடா வருடம் தணிக்கை, பொதுக்குழு எல்லாம் வரும். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு ஐந்தாவது அளவுகோலில் தனி இடம் இருக்கிறது. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆக, நீங்கள் சங்கத்தில் சேர்வதே கல்லூரிக்கு ஓர் உதவி.

80ஜி உண்டா? எவ்வளவு வரி மிச்சமாகும்?

முதலில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய வரி முறையில், நன்கொடைக்கான இந்த 80ஜி வரிக் கழிவு கிடையாது. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில், 80ஜி பதிவு உள்ள அமைப்புக்குத் தரும் நன்கொடையில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம், உச்சவரம்புக்கு உட்பட்டு. 10,000 ரூபாய் தந்தால் 5,000 கழியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு 1,000 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும் மிச்சம். ரசீது மட்டும் போதாது. வாங்கியவர் வருமான வரித் துறைக்குத் தகவல் கொடுத்து, அதன் தளத்திலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ் வேண்டும். 10பிஇ படிவம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண், படிவ எண் மாறும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில ரொக்கமாக் கொடுத்தா?

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிக் கழிவு கிடைக்காது. வரி வேண்டாம் என்றாலும் வங்கி வழியே அனுப்புங்கள், பொருளாளர்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

நான் துபாய்ல இருக்கேன், என் ஃபிரண்டு அமெரிக்கா சிட்டிசன். ரெண்டு பேரும் சேர்ந்து அனுப்பலாமா?

சேர்ந்து அனுப்ப வேண்டாம், தனித்தனியாக. உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எங்கள் சாதாரணக் கணக்குக்கே வரலாம். உங்கள் நண்பர் வெளிநாட்டுக் குடிமகன். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணமும் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தம் அப்படி.

உங்கள் கணக்கில் அவர் போட்டு, நீங்கள் உங்கள் பெயரில் அனுப்புவதும் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் மாட்டிக்கொள்வது வாங்கிய கல்லூரிதான். அவர் ஊருக்கு வரும்போது வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள், மாணவர்களோடு பேசச் சொல்லுங்கள். அதற்கு இந்த நன்கொடைச் சட்டம் தடையில்லை.

எங்கம்மா பேர்ல ஒரு பரிசு வைக்கணும். ஒரு லட்சம் போட்டா காலம் முழுக்க நடக்குமா?

நடக்கும், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு வையுங்கள். ஒரு லட்சத்தை வைப்பு நிதியில் போட்டால் ஆறரை சதவீத வட்டியில் வருடத்துக்கு 6,500 ரூபாய். முழுவதையும் பரிசாகக் கொடுத்தால் அசல் அப்படியே இருக்கும், விலைவாசி ஏறிக்கொண்டே போகும். எண்பதுகளில் வைத்த சில அறக்கட்டளைப் பரிசுகள் இன்று ஒரு பிரியாணிக்கு ஆகாத தொகையாகிவிட்டன. முதலிடம் பெற்ற பிள்ளை மேடையேறி அந்த உறையை வாங்கும்போது பார்க்கக் கஷ்டமாக இருக்கும். வட்டியில் ஒரு பகுதியை வருடாவருடம் அசலில் சேர்த்துவிடும்படி பத்திரத்தில் எழுதச் சொல்கிறேன். பிற்காலத்தில் குடும்பத்தார் தொகையைக் கூட்டலாம் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரியத்தைத் தெளிவாக எழுதுவதும் முக்கியம். பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானார். கோயில் தருமங்களுக்கென்று அவர் உயிலில் வைத்த சொத்து வழக்கிலும் வம்பிலும் சிக்கி, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முயன்ற பிறகு, தருமம் போக மிஞ்சிய பணம் கல்விக்கு என்று ஆகி, நம் பிராட்வேயில் பள்ளி திறந்தது 1842-ல். 48 வருடம்! அந்தப் பணத்தால் எத்தனையோ தலைமுறை படித்தது, அதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. உங்கள் அம்மாவின் ஒரு லட்சத்துக்கு அந்தத் தாமதம் வேண்டாம். "பி.ஏ. பொருளியல் முதல் மாணவிக்கு, அந்தப் பாடப்பிரிவு நின்றுபோனால் கல்லூரி முடிவு செய்யும் வேறு பிரிவு மாணவிக்கு" என்று இரண்டாவது வழியையும் சேர்த்து எழுதுங்கள். பாடப்பிரிவுகள் மூடப்படுவது இப்போது நடக்கிற விஷயம்தான்.

முதல் மார்க் வாங்குறவங்களுக்குத்தான் பரிசு வைக்கணுமா?

இல்லை. தங்கப் பதக்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விடியற்காலையில் துறைமுகத்தில் சுமை தூக்கிவிட்டு மதிய ஷிஃப்டில் வந்து உட்காரும் பையன் 58 சதவீதம் வாங்கினால், அது சாதாரண 58 இல்லை. எல்லா அரியரையும் முடித்தவருக்கு ஒரு பரிசு, நூலகத்தில் அதிகம் படித்தவருக்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கள்.

எங்க ஜாதிப் பசங்களுக்கு மட்டும்னு உதவித்தொகை வைக்கலாமா?

எங்கள் சங்கம் வாங்காது. சட்டமும் இடிக்கும். குறிப்பிட்ட மதத்துக்கோ ஜாதிக்கோ மட்டும் என்று இருக்கும் அமைப்புக்கு மேலே சொன்ன 80ஜி கிடைக்காது. பட்டியல் ஜாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கென்று இருப்பதைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. "மீனவக் குடும்பத்து மாணவர்", "தந்தையில்லாத மாணவி", "தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை" என்று நிலைமையைச் சொல்லி வைக்கலாம். உங்கள் மனதில் இருக்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

டொனேஷன் தரேன். என் தங்கச்சி பையனுக்கு பி.காம். சீட் ஒண்ணு பார்த்துக் குடுங்களேன்?

முடியாது. சீட்டுக்காக வாங்கும் பணம் நன்கொடை ஆகாது, அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சேர்க்கை நடக்கும் மாதங்களில் வரும் பெரிய தொகைகளை, கொடுப்பவர் வீட்டில் யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறோம். இருந்தால், சேர்க்கை முடிந்த பிறகு தாருங்கள் என்கிறோம். தம்பிக்கு விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழ் சேர்க்கவும் உதவ முன்னாள் மாணவர்கள் இருக்கிறோம், அனுப்பி வையுங்கள்.

நான் படிச்சது கவர்ன்மெண்ட் காலேஜ். அங்க பணம் தர முடியுமா?

அங்கேயும் பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர் சங்கம் உண்டு. அவற்றின் கணக்கில் தரலாம். பொருளாகத் தருவது சுலபம்: குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம், மின்விசிறி, பெஞ்சு. முதல்வரிடம் எழுதிக் கொடுத்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கட்டடம் என்றால் கல்லூரிக் கல்வி இயக்ககம், பொதுப்பணித் துறை என்று அனுமதி வாங்க வேண்டும், பொறுமை வேண்டும்.

மணலியில இவ்வளவு பெரிய கம்பெனிங்க இருக்கே, அவங்ககிட்ட கேட்கலாம்ல?

கேட்க வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 5 கோடி நிகர லாபமோ 1,000 கோடி விற்றுமுதலோ 500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு, அதாவது சிஎஸ்ஆருக்கு, செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். உரிமையோடு கேட்கலாம்.

வெறும் கடிதம் எடுபடாது. வாங்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். என்ன செலவு, எத்தனை மாணவர், எப்போது முடியும் என்று இரண்டு பக்கத் திட்டம் வேண்டும். அந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய புஸ்தகம், பழைய கம்ப்யூட்டர் குடுக்கலாமா?

பாடத்திட்டத்தில் இருக்கும் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம், நல்ல அகராதி என்றால் உடனே. கம்ப்யூட்டர் ஓடினால் மட்டும். ஓடாததை அப்புறப்படுத்தும் செலவு கல்லூரி தலையில் விழுகிறது.

பணம் இல்ல. ஆனா சனிக்கிழமை ஃப்ரீ. என்ன பண்ணலாம்?

வாருங்கள்! நேர்முகத் தேர்வு எப்படி இருக்கும் என்று ஒரு முறைகூடப் பார்க்காத பிள்ளைகள் இறுதியாண்டில் இருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து, "உன்னைப் பற்றிச் சொல்லும்மா" என்று கேட்டு, அவள் தொண்டை அடைத்து நிற்கும்போது காத்திருந்து, மறுபடி கேட்க ஒருவர் வேண்டும். வங்கித் தேர்வுக் கணக்கு, ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம், ஜிஎஸ்டி பில் போடுவது என்று உங்கள் கைக்கு வந்ததைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: நான்கு சனிக்கிழமை வருகிறேன் என்றால் நான்கும் வாருங்கள். பாதியில் நின்றால் பிள்ளைகள் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முன்னாடி ஒரு இடத்துல குடுத்தேன். என்ன ஆச்சுன்னே தெரியல. மறுபடி ஏன் நம்பணும்?

எனக்கும் அந்த அனுபவம் உண்டு. பல வருடம் முன்பு நானும் நண்பர்களும் ஓரிடத்தில் நூலகத்துக்கென்று சேர்த்துக் கொடுத்தோம். பிறகு போய்ப் பார்த்தபோது புத்தக அலமாரிக்குப் பதில் வரவேற்பறையில் சோபா இருந்தது. கடிதம் எழுதி வாங்காதது எங்கள் தவறு என்று சொன்னார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் நம்பச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். உறுப்பினராகப் பொதுக்குழுவுக்கு வந்து, எத்தனை பேருக்குத் தேர்வுக் கட்டணம் போனது, கையிருப்பு எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். எங்கள் சங்கத்தில் ரசீதுப் புத்தகம், வங்கிப் பதிவு, துறைத் தலைவர்களின் பரிந்துரைக் கடிதங்கள் மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு அலமாரி திறந்திருக்கும். மாணவர் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் காட்ட மாட்டோம், மற்றதெல்லாம் நீங்களே புரட்டிப் பார்க்கலாம்.